உன் தங்கையைக் கேட்கிறார்கள்

அம்மிணி,

உன் தங்கை சுமதியைக் கேட்கிறார்கள். வேற்று ஆள் யாருமில்லை, உன் அத்தைதான் கேட்கிறார். நீ விட்டுப்போன இடத்துக்கு, உன் புருசனுக்கே கட்டி வைக்கக் கேட்கிறார். உனக்கு வருசம் கும்பிட்டு முடிகிற வரைக்கும் வாய் திறக்காமல் இருந்தவர், அன்றைக்குப் படையல் சோறு உண்டு கை கழுவிய ஈரத்தோடு தன் தம்பியான உன் அய்யனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிவிட்டார். ஆடி போனதும் ஆவணியில் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ண வருகிறார்களாம். உப்பும் சர்க்கரையும் தட்டு மாறிவிட்டால் நம்மில் அதற்குப் பிறகு வேறு பேச்சில்லை. இப்போதே ஆடி பாதிக்கு மேல் ஆகிவிட்டது. பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன், உன் அய்யன் வந்து சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது.

உன்னிடம் சொல்லாமல் இதில் ஒரு முடிவும் எடுக்க எனக்குத் தைரியமில்லை. நான் அஞ்சாவதோடு நின்றவள். சுமதியை எழுதச் சொன்னால் மணிமணியாக எழுதுவாள். திருச்செங்கோட்டுக்குப் போய் டைப்படிக்கக்கூடக் கற்று வந்திருக்கிறாள். ஆனால் அவளைப் பற்றிய பேச்சை அவள் கையாலேயே எப்படி எழுதச் சொல்வது? அதனால் நானே எழுதுகிறேன். பேசுகிற மாதிரிதான் எனக்கு எழுத வரும். நீ இருந்தால் என் எழுத்தைப் பார்த்துக் கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். இரண்டு பெண்ணைப் பெற்றவள் வேறு யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவளும் படித்துக்கொள்ளட்டும். எனக்குக் கூச்சமில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால் மாவிளக்குதான் முன்னால் வந்து நிற்கிறது. நீ பதின்மூன்று வயதில் பெரியவளானாய், சீர் செய்தோம். அதற்குப் பிறகு நீ வீட்டுக்குத் தூரமாக உட்கார்ந்தது வருசத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். மற்ற வீட்டுப் பெண்கள் மாதம் தவறாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும்போது, நீ அடுப்படி, கறவை, கடலைக்காய் பறிப்பு என்று எல்லாவற்றுக்கும் கைக்கு ஆளாக இருந்தாய். அதைக் குறை என்று யார் நினைத்தார்கள்? மாரியம்மன் பண்டிகைக்கு மாவிளக்கு எடுக்கக் கன்னிப் பெண் வேண்டும். அந்த நாள் பார்த்து எவளாவது தூரமாகிவிடுவாள். அந்த வீட்டில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். நம் பங்காளி வீடுகளுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. "நம்ம அம்மிணி இருக்குதல்லோ, அப்பறம் என்ன?" என்பார்கள். வருசம் தவறாமல் நீதான் எடுத்தாய். "தூரம் அண்டாத புள்ளைங்க இது. ஆத்தாளே இவளைத் தனக்குன்னு நிறுத்தி வெச்சிருக்கறா" என்று பூசாரி விபூதி போட்டுவிட்டார். உன் அய்யனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கக்காளும் இப்படித்தான். கலியாணமாகிப் போற வரைக்கும் ஒரு வருசம் தவறுனதில்ல, அவதான் மாவெளக்கு. எங்க பொறப்பே அப்படி" என்று வந்திருந்த ஒறம்பரை சனத்து முன்னால் சொல்லிக்கொண்டார். நானும் பூரித்துப்போய்ப் பச்சரிசியும் வெல்லமும் இடித்துக் கொடுத்தேன். கடவுள் கொடுத்த கொடை என்றே நினைத்தோம், அம்மிணி. ஒருத்தர்கூட, இந்தப் பெண்ணுக்கு ஏன் மாதாமாதம் வருவதில்லை என்று கேட்கவில்லை.

அந்த வயதில்தான் உன் பிடரியில் கருப்பாக ஒரு பட்டை படர்ந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது பீர்க்கங்கூட்டை வைத்து அரக்கித் தேய்த்தேன். "எரியுதும்மா, அது அழுக்கில்லம்மா, தோலே அப்படி இருக்குது" என்று நெளிந்தாய். "தோலு எப்படிப் புள்ள தானா கருக்கும்? காட்டுக்குள்ள கழுத்தைக் காட்டீட்டுத் திரிஞ்சா இப்படித்தான்" என்று இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். மோவாயில் முடி முளைத்ததும் நீயாகவே உன் அய்யனின் முள்வாங்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் கண்ணாடியோடு உட்காரப் பழகிக்கொண்டாய். முள் குத்தி நொண்டிக்கொண்டு வந்து அவர் முள்வாங்கியைத் தேடுவார். நீ அதை வாயில் கவ்விக்கொண்டு, "மாட்டுக்கொட்டாயில பாருங்கய்யா" என்பாய். நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அப்போது எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

மல்லசமுத்திரத்தில் உன் அத்தை வீட்டுக்கு உன்னைக் கொடுத்தபோது ஜாதகத்தைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. முறை மாப்பிள்ளை; சங்ககிரியில் லாரி ஓட்டம்; குடிப்பழக்கம் இல்லை; உன் அய்யனின் கூடப் பிறந்தவள் வீடு. இதற்குமேல் என்ன பார்ப்பது? நம் பக்கம் பெண் கேட்கிறவர்கள் பெண்ணின் தாயைப் பற்றித்தான் கேட்பார்கள். தாய் எத்தனை பெற்றாள், தாயோடு பிறந்தவள் எத்தனை பெற்றாள் என்று விசாரிப்பார்கள். அப்பனோடு பிறந்த அத்தையைப் பற்றி ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். உனக்கோ அந்த அத்தைதான் மாமியார். அவருக்கு ஒரே மகன், அதுவும் கலியாணமாகி ஏழு வருசம் கழித்துப் பிறந்தவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அதை இதோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குப் புத்தியில்லை.

உனக்கு ஒரு வருசம் தங்கவில்லை, இரண்டு வருசம் தங்கவில்லை. மூன்றாம் வருசத்திலிருந்து உன் அத்தை என்னையும் நான் பிறந்த ராசிபுரத்தையும் பேச ஆரம்பித்தார். அவர்கள் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு நாங்கள் வந்திருந்தோமே, அன்றைக்குப் பந்தியில் இலை போட்டிருக்கும்போதே சொன்னார். "எங்க பக்கமெல்லாம் மாவெளக்கு எடுத்த பொறப்பு. இது இவ அம்மா ஊட்டு வழி. ராசிபுரத்துப் பக்கம் மண்ணே காஞ்ச மண்ணுதானே."

உன் அத்தையை நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். என் புருசனுக்கு அக்கா என்பதால் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு மட்டும் என்னால் முடியவில்லை. "காஞ்ச மண்ணுலதான் ரெண்டு மொளைச்சுதுங்களே, நங்கையா?" என்றேன்.

"மொளைச்சது ரெண்டும் பொட்டைதானே, புள்ள?" என்றார். பந்தியே சிரித்தது. நீ பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாய். எல்லோருக்கும் ஊற்றியது போலவே எனக்கும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சேலத்துக்குப் போய் லேடி டாக்டரைப் பார்க்கச் சொன்னது மாப்பிள்ளைதான். அவர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட, நானும் உன் அத்தையும் உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்கிற தெருவில் அந்த டாக்டர் வீடு. அவர் முதலில் கேட்டது, மாதாமாதம் வருகிறதா என்பதுதான். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் அத்தை முந்திக்கொண்டு, நல்ல செய்தி சொல்கிறவரைப் போல, "அதெல்லாம் சுத்தமான புள்ளைங்க, டாக்டரம்மா. வருசத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் தூரமாகும். கோயிலுக்கு மாவெளக்கு எடுத்த புள்ளைங்க" என்றார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இதை எத்தனை வருஷமா நல்லதுன்னு நெனைச்சுட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து மறுபடி போனபோதுதான் அவர் விளங்கச் சொன்னார். சினைப்பையில் முட்டை முழுசாக வளர்ந்து வெளியே வருவதில்லை. சின்னச் சின்ன நீர்க்கட்டிகளாக அங்கேயே தங்கிவிடுகிறது. ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்க வேண்டிய ஒன்று உனக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கிறது. "மோவாயில முடி அதனாலதான். கழுத்துல இந்தக் கருப்பும் இதோட சேர்ந்து வர்றதுதான், அழுக்கில்லை" என்று உன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சொன்னனல்லோ" என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாய்.

"இது குடும்பத்துல ஓடறதும்மா" என்றார் டாக்டர். "எப்படி ஓடுதுன்னு இன்னும் யாரும் முழுசாக் கண்டுபிடிக்கலை. ஆனா அம்மா, அக்கா தங்கச்சி, அத்தை, சித்தின்னு யாருக்காவது இருக்கும். உங்களுக்கு எப்படிம்மா?"

"எனக்கு ஒரு மாசம் தவறுனதில்லீங்க. கட்டி வந்த மறுவருசமே இவளைப் பெத்தேனுங்க."

"அப்போ அப்பா வழியில வந்திருக்கலாம்."

உன் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆம்பளைக்கு ஏதுங்க கர்ப்பப்பை? அவன் எதைக் குடுப்பான்?"

"அவருக்கு இருக்க வேண்டியதில்லைம்மா. அவங்கம்மாகிட்ட வாங்கினதை அப்படியே மகளுக்குக் குடுத்துருவாரு. அவர் உடம்புல பெரிசா ஒண்ணும் தெரியாது. சில குடும்பத்துல ஆம்பளைங்களுக்குச் சின்ன வயசுலயே வழுக்கை விழும், அவ்வளவுதான்."

உன் அய்யன் கலியாணத்தன்றைக்கே தலைப்பாகையை எடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தவர். நீ வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அம்மிணி. எனக்கு மாட்டாஸ்பத்திரி ஞாபகம் வந்தது. நம் கிடேரிக்குச் சினை ஊசி போட ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் உன் அய்யன் அங்கிருக்கிற ஆளைத் துளைத்து எடுப்பார். "இந்தக் காளையோட தாயி என்ன கறந்துச்சுங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்பார். காளைக்கு மடி கிடையாது. ஆனால் அதன் தாயின் கறவை அதன் வழியாகக் கன்றுக்கு வரும் என்று நம் ஊரில் மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த வார்த்தை டாக்டர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மாட்டுக்கு அத்தனை விசாரித்த மனுசன்தான். தன் பெண்ணுக்கு அப்படியும் ஒரு வழி இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"அப்பாகூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். உன் அத்தை முந்தானையை இழுத்து மோவாயை மூடிக்கொண்டார். நான் கட்டி வந்த புதிதில் அவர் நம் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோது, காலையில் அடுப்புச் சாம்பலை விரலில் தொட்டுக்கொண்டு அவர் மோவாயில் முடி பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஏழு வருசம், மாவிளக்கு, சாம்பல் எல்லாம் எனக்கு வரிசையாக வந்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. டாக்டர் உன் அத்தை முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் உன் அத்தை முன் ஸீட்டில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ என் காதோரம் குனிந்து, "அத்தைக்கும் எனக்கும் ஒரே மீசைம்மா. முறைப்பொண்ணுன்னா சும்மாவா?" என்றாய். எத்தனை வருசத்துக்குப் பிறகு நீ அப்படிப் பேசிக் கேட்டேன்!

அதற்கு அப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். மாத்திரை சாப்பிட்டாய், டாக்டர் சொன்னபடி சோற்றைக் குறைத்தாய், வெல்லத்தை விட்டாய், காலையில் வரப்பு மேல் நடந்தாய். உனக்குத் தங்கியது. ஊரே சந்தோசப்பட்டது; உன் அத்தை கோயில் கோயிலாகப் போனார். மாதம் ஏற ஏற, சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் அடிக்கடி வரச் சொன்னார். கால் வீங்கியபோது தலைச்சன் பிள்ளைக்கு எல்லோருக்கும் வீங்கும் என்றோம். தலைவலி என்றபோது சுக்குப் பற்றுப் போட்டோம். கண் மங்கலாகத் தெரிகிறது என்று நீ சொன்ன அன்றைக்குத்தான் பயந்து லாரியிலேயே படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே உனக்கு வலிப்பு வந்துவிட்டது. குழந்தையை மட்டும் என் கையில் கொடுத்தார்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். நடக்கிறாள். இப்போது பாதி நாள் இங்கே, பாதி நாள் மல்லசமுத்திரத்தில். இங்கே இருக்கும்போது சுமதியை விட்டு இறங்குவதில்லை. குளிக்கவைக்கும்போது ஒவ்வொரு தடவையும் நான் அவள் பிடரியைத்தான் பார்க்கிறேன். இந்த வயதில் என்ன தெரியும், எனக்குப் பைத்தியம்தான். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இவளுக்கு அம்மா வழியிலும் அதே குடும்பம், அப்பா வழியிலும் அதே குடும்பம். இவள் பெரியவளாகி ஒரு மாதம் தவறினால் அந்த மாதமே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைக்கிறேன். அதுவரை நான் இருப்பேனா என்ற பயம்தான்.

சுமதிக்கு இருபது வயதாகிறது. நீ கலியாணமாகிப் போன பிறகு மாவிளக்கு அவள் கைக்கு வந்தது. ஒரு வருசமும் தவறவில்லை. உனக்குத் தெரியும் அல்லவா, தவறவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று. போன பண்டிகைக்கு நான் அவளை அனுப்பவில்லை. ஏன் சின்னவளை நிறுத்திவிட்டீர்கள் என்று பங்காளி வீடுகளில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நான் அவளை அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதே நாற்காலி. அவள் பிடரியைத் தொட்டுப் பார்த்து அவர் என்னிடம் திரும்புவதற்குள் இவளே கேட்டுவிட்டாள். அவள் பேச்சு உன்னைப் போல் சுற்றி வளைத்துப் போவதில்லை அல்லவா? "அக்கா மாதிரி நானும் செத்துப் போயிருவனுங்களா?"

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படி இல்லம்மா. அக்காவுக்கு இருந்தது உனக்கும் இருக்கு. அதுக்காக அக்காவுக்கு நடந்தது உனக்கும் நடக்கும்னு இல்லை. இப்பவே உடம்பைப் பாத்துக்கோ. கலியாணமாகி உண்டானா முதல் மாசத்துலருந்து எங்கிட்ட வந்துரணும். யாரு என்ன சொன்னாலும் வரணும்" என்றார். சுமதியை வெளியே அனுப்பிவிட்டு நான் கேட்டேன், ஒரே ரத்தத்தில் மறுபடியும் கொடுக்கலாமா என்று. "உறுதியாச் சொல்ற அளவுக்கு எனக்கே தெரியாதும்மா. ரெண்டு பக்கமும் ஒரே குடும்பம்னா, பொறக்கற பொண்ணுக்கு வர்றதுக்கு வழி கூடுதல்னுதான் நான் நெனைக்கறேன்" என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

உன் அய்யனிடம் சொன்னேன். அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "அக்கா வாய் விட்டுக் கேக்குது. என்னன்னு இல்லைங்கறது? நாம குடுக்கலீன்னா வேற எவளோ வந்து பாப்பாவுக்குச் சோறு போடுவா. போட்டாலும் போடுவா, போடாட்டியும் போவா. அதுக்குச் சம்மதமா உனக்கு?"

"ஏனுங்க, இது உங்க பொறப்புல வர்றதுங்க. டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க. உங்கம்மாகிட்ட இருந்து உங்களுக்கும் உங்கக்காவுக்கும் சேர்ந்து வந்திருக்குது. நீங்கதான் அறியாம…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன். இத்தனை நாளாக அதை அவரிடம் சொல்லாமலே இருந்தேன், அம்மிணி. அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். கையைத் தலையில் வைத்தார், இறக்கினார், மறுபடி வைத்தார். "அப்ப என்ற கண்ணுக்கு நாந்தான் குடுத்தனா?" என்று கேட்டார். "நீங்க என்ன, தெரிஞ்சா குடுத்தீங்க?" என்றேன். அதற்குப் பிறகு அவர் சுமதி பேச்சை எடுக்கவில்லை. "நீயே பார்த்துச் சொல்லு" என்று என் தலையில் போட்டுவிட்டார்.

சுமதியைக் கேட்டால், "பாப்பா என்னைய அம்மாங்குதும்மா" என்கிறாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை என்னிடம், "சுமதி இஷ்டமுங்க, அத்தை. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். அவர் நல்லவர்தான். ஆனால் மாதத்தில் பாதி லாரியில் இருக்கிறவர். வீட்டுக்குள் இருக்கப்போவது இவளும் உன் அத்தையும்தான்.

அதனால் போன வாரம் நானே பஸ் ஏறி மல்லசமுத்திரம் போனேன். உன் அத்தை களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வா புள்ள, மோரு குடிக்கறயா?" என்றார். நான் மோர் குடிக்கவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். "நங்கையா, சின்னவளுக்கும் பெரியவளாட்டமேதானுங்க. மாசம் வர்றதில்லீங்க. உங்ககிட்ட மறைச்சுக் குடுக்க என்னால முடியாதுங்க."

அவர் நிமிராமல் மிளகாயைப் பரப்பிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியுமுங்க?"

"மாவெளக்கு எடுத்தாள்லோ. எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மோவாயை மூடவில்லை. "அதுக்குத்தான் புள்ள கேக்கறேன். வெளிய குடுத்தீனா ரெண்டு வருசம் பார்ப்பானுக, மூணாம் வருசம் கொண்டாந்து வாசல்ல உட்டுட்டுப் போவானுக. நான் ஏழு வருசம் பட்டிருக்கறேன். என்ற மாமியா வெச்ச பேரெல்லாம் உனக்குத் தெரியாது. இங்க வந்தா, இந்தப் புள்ள ஒண்ணு இருக்குது, அது போதும். சுமதி ஒண்ணும் பெத்துத்தர வேண்டாம்னு நானே சொல்லிப்போடறேன். மாரியாத்தா மேல சத்தியம்."

"பெரியவளை அந்தப் பேச்சுப் பேசுனீங்களே, நங்கையா" என்றேன். கேட்கக் கூடாது என்றுதான் போனேன், வாய் கேட்டுவிட்டது.

அவர் கையில் மிளகாய்க் காரம் இருந்திருக்கும், கண்ணைத் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் வந்தது. காரத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை. "பேசுனேன்" என்றார். "நான் பேசாம இருந்திருந்தா எல்லாரும் என்ற பக்கம் திரும்பிருப்பாங்க." அவ்வளவுதான். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வழியெல்லாம் யோசித்தேன், இப்போதும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். அவர் சொல்வது நிசமாக இருந்தால் சுமதிக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பூமியில் கிடையாது. தானே பட்டுத் தெரிந்தவள் வீடு, உன் குழந்தை, பெற்றுத்தா என்று கேட்காத மாமியார். சுமதியும் பிழைப்பாள், குழந்தையும் நம் கண்ணில் இருப்பாள். ஆனால் இரண்டு வருசம் கழித்து, ஒறம்பரை நாலு பேர் கூடின பந்தியில் யாராவது, ஆண் பிள்ளை இல்லையா என்று கேட்டுவிட்டால் இவர் என்ன செய்வார்? அன்றைக்குப் பழி தன் பக்கம் திரும்பாமல் இருக்க உன்னையும் என்னையும் தள்ளிவிட்டவர், சுமதியைத் தள்ளிவிட மாட்டாரா? சத்தியம் செய்தது மிளகாய்க் களத்தில், நானும் அவரும் மட்டும் இருக்கும்போது. ஒரு பிள்ளையை அனுப்பி இழந்தவள் நான். இன்னொன்றையும் வார்த்தையை நம்பி அனுப்பிவிட்டு, ஒவ்வொரு தலைவலிக்கும் இங்கிருந்து பதறிக்கொண்டு கிடக்க என்னால் முடியுமா? கொடுக்காவிட்டாலும் பதற்றம்தான். வேறு இடத்தில் இவள் என்ன படுவாள், குழந்தை யார் கையில் என்ன படும் என்று அங்கே பாதி உயிர், இங்கே பாதி உயிர்.

அந்த வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் நீ ஒருத்திதான். வெளியில் பந்தியில் அவர் பேசினது எனக்குத் தெரியும். உள்ளே, நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது எப்படி இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. உனக்கு முதல் தடவை மாதம் தள்ளி, அது இல்லை என்று ஆன அன்றைக்கு உன்னை யார் பார்த்துக்கொண்டார்கள்? மோவாயில் முடி இருக்கிற இரண்டு பெண்கள், ஒரு கூரையின் கீழ், ஒரு நாளாவது ஒருத்தருக்கொருத்தர் வாய் திறந்து பேசிக்கொண்டீர்களா? நீ நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன்னைக் கேட்பேன். நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டோ, சுமதிக்குத் தலை பின்னிக்கொண்டோ, என் முகத்தைப் பார்க்காமலே, "அத்தை நல்லாத்தான் பாத்துக்கறாங்கம்மா" என்பாய். எத்தனை தடவை கேட்டாலும் அதே சொல். நான் நம்பவில்லை, எனக்காகச் சொல்கிறாய் என்றே நினைத்துக்கொண்டேன். இப்போது ஆவணி வரப்போகிறது. தட்டில் உப்பும் சர்க்கரையும் வைத்துக்கொண்டு அவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த வார்த்தை நீ சொன்ன அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

நீ சொன்னது நிசந்தானா, அம்மிணி?